பழைய நீர்வண்ண நிலக்காட்சியை மறுபடி வரைந்து வளர்ச்சியை அளப்பது எப்படி?

நீர்வண்ணம் பழகத் தொடங்கி ஓரிரு ஆண்டுகள் கடந்தவர்கள் பலருக்கும், தாம் உண்மையிலேயே முன்னேறுகிறோமா என்ற ஐயம் வரும். வகுப்பு ஆசிரியர் பரவாயில்லை என்பார். வீட்டில் எதைக் காட்டினாலும் நன்றாக இருக்கிறது என்பார்கள். இரண்டையும் வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய இயலாது. தொடக்க காலத்தில் வரைந்த நிலக்காட்சி ஒன்றை வெளியே எடுத்து, அதே காட்சியை இன்று மறுபடி வரைந்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே இதற்கு நேரான வழி. ஆனால் இதை ஓர் ஒழுங்கோடு செய்யாவிட்டால் நாம் அளப்பது நம் கைத்திறனாக இராது. முன்பு வாங்கிய தாளுக்கும் இப்போது வாங்கும் தாளுக்கும் உள்ள விலை வேறுபாட்டையே அளந்துகொண்டிருப்போம். இந்த வேலையை எந்த வரிசையில் செய்வது என்று தேடியபோது எனக்கு எங்கும் தெளிவான விடை கிடைக்கவில்லை. பலவாறு செய்து பார்த்துத் தேறிய வரிசையை, அடுத்து வருபவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பதற்காக இங்கே எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டாகக் கட்டுரை முழுவதும் ஒரே காட்சியை வைத்துக்கொள்கிறேன்: தென்காசிக்கு அருகே உள்ள சுந்தரபாண்டியபுரத்தில் வயல் ஓரமாக நின்று மேற்கே பார்த்தால் தெரியும் மேற்குத் தொடர்ச்சி மலை. முன்னே வயல், நடுவே தென்னையும் பனையும், பின்னே மலை என்று மூன்று அடுக்குகளும் அங்கே தெளிவாக இருப்பதால் புதியவர்கள் பலர் அதை வரைந்திருப்பார்கள். உங்கள் காட்சி வேறாக இருந்தாலும் படிகள் மாறா.

1. எந்தப் படத்தை எடுப்பது

முதலில் கைக்குக் கிடைப்பதையோ, மனத்துக்குப் பிடித்ததையோ எடுக்க வேண்டாம். தொடக்க காலப் படங்களுள் மிகச் சிறந்தது பெரும்பாலும் தற்செயலாக அமைந்ததாக இருக்கும். மிக மோசமானதோடு ஒப்பிட்டால் எவரும் வளர்ந்தவராகவே தெரிவார். அந்தக் காலத்தில் நீங்கள் வழக்கமாக வரைந்த தரத்தில் உள்ள, முழுமையாக முடிக்கப்பட்ட படமே வேண்டும்.

அந்தப் படம் நீங்களே தனியாக வரைந்ததாக இருக்க வேண்டும். வகுப்பில் வரைந்த படங்களில் ஆசிரியர் இரண்டு தீற்று தீற்றிவிட்டுப் போயிருப்பார், பெரும்பாலும் படத்தைத் தூக்கி நிறுத்துவது அந்த இரண்டு தீற்றல்தான். காணொளியைப் பார்த்து அடிக்கு அடி பின்பற்றி வரைந்த படமும் உதவாது. அதில் எங்கே அடர்த்தி வேண்டும், எங்கே தாளை வெறுமையாக விட வேண்டும் என்ற முடிவுகளை வேறொருவர் எடுத்திருக்கிறார்.

கடைசியாக, அந்தக் காட்சிக்குத் திரும்பிப் போக முடிய வேண்டும், அல்லது எந்தப் புகைப்படத்தைப் பார்த்து வரைந்தீர்களோ அந்தப் புகைப்படம் கையில் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் பழைய படத்தையே பார்த்து மறுபடி வரைந்தால், பழைய படத்தின் பிழைகளை மேலும் நேர்த்தியாக வரைவதில்தான் அது முடியும்.

2. பழைய படத்தை ஆவணப்படுத்துதல்

படத்தின் மேல் வேறு எந்த வேலையும் தொடங்கும் முன்பு, அது இன்றுள்ள நிலையிலேயே பதிவாக வேண்டும். ஏ4 அளவுக்குள் அடங்கும் படமானால் பிளாட்பெட் ஸ்கேனரில் 300 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் போதும். பிறகு ஒரு பகுதியைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டியிருக்கும் என்று நினைத்தால் 600 டிபிஐ. பெரும்பாலான ஊர்களில் டிஜிட்டல் பிரிண்ட் கடைகளில் சில பத்து ரூபாய்க்குள் இது முடிந்துவிடும். கடைக்காரரிடம் இரண்டு செய்திகளை முன்கூட்டியே சொல்ல வேண்டும். தாளை உள்ளிழுக்கும் ஃபீடரில் போடக் கூடாது, கண்ணாடியின் மேல் வைத்துத்தான் எடுக்க வேண்டும். வண்ணத்தைத் தானாகத் திருத்தும் அமைப்பை நிறுத்திவிட வேண்டும். அந்தத் திருத்தம் ஓடினால் வெளிறிப்போன வானத்தை மென்பொருளே நீலமாக்கிக் கொடுத்துவிடும், ஒப்பீடு அந்த இடத்திலேயே பொய்யாகிவிடும்.

ஸ்கேனர் கிடைக்காதவர்கள் கைப்பேசியில் எடுக்கலாம். நேர் வெயில் விழாத, வெளிச்சம் சீராக இருக்கும் திண்ணையிலோ வராண்டாவிலோ, ஃபிளாஷ் இல்லாமல், படத்துக்கு நேர் எதிராகக் கைப்பேசியைப் பிடித்து, ஓரடி பின்னே நகர்ந்து சற்றே ஜூம் செய்து எடுத்தால் ஓரங்கள் வளையா. படத்தின் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள் துண்டும் சட்டகத்துக்குள் தெரிய வேண்டும். பிறகு புதிய படத்தையும் அதே துண்டுடன் எடுத்தால், இரு புகைப்படங்களின் வெளிச்சமும் ஒத்திருக்கிறதா என்று அந்தத் துண்டே காட்டிக்கொடுக்கும்.

அடுத்தது பதிவுத்தாள். ஒரு தனித் தாளில் படம் வரைந்த மாதமும் ஆண்டும், இடம், எந்த நேரம், நேரில் வரைந்ததா புகைப்படத்தைப் பார்த்தா, எவ்வளவு நேரம் எடுத்தது, தாளின் வகையும் கனமும், வண்ணப் பெட்டியின் பெயர், தூரிகை எண்கள் ஆகியவற்றை நினைவுக்கு எட்டும்வரை எழுதுங்கள். நினைவில் இல்லாததை ஊகித்து எழுதாமல் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடுவதே நல்லது. புகைப்படத்தைப் பார்த்து வரைந்திருந்தால் அந்தக் கோப்பின் விவரங்களைத் திறந்து பாருங்கள், எடுத்த தேதியும் மணியும் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். ஆனால் வாட்ஸ்அப் வழியாக வந்த புகைப்படத்தில் அந்த விவரங்கள் அழிந்திருக்கும் என்பதால் மூலக் கோப்பைத் தேடுவது அவசியம்.

படத்தின் பின்புறத்தில் பேனாவால் எழுத வேண்டாம். மெல்லிய தாளில் மை முன்புறத்துக்கு ஊறிவிடும். மென்மையான பென்சிலால் ஓரத்தில் தேதி மட்டும் குறித்தால் போதும். பாதுகாப்பு என்று நினைத்து லேமினேட் செய்வது எல்லாவற்றிலும் கெடுதல். ஒருமுறை சூடுபட்டு ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாள் கிழியாமல் பிரிக்க முடியாது.

3. மங்கியது எவ்வளவு, தவறியது எவ்வளவு

பழைய படம் சோகையாகத் தெரிந்தால் அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம்: அன்று வண்ணத்தைப் போதிய அடர்த்தியில் இடாதது, அல்லது இட்ட வண்ணம் வெளிச்சத்தில் வெளுத்தது. இவற்றைப் பிரித்துப் பார்க்காமல் ஒப்பிடுபவர்கள் வெயில் செய்த வேலையைத் தம் வளர்ச்சிக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறார்கள்.

படம் சட்டமிட்டு மாட்டப்பட்டிருந்தால் சட்டத்தைக் கழற்றி, மவுண்ட் அட்டைக்கு அடியில் மறைந்திருந்த விளிம்பையும் வெளியே தெரிந்த பகுதியையும் பாருங்கள். இரண்டுக்கும் இடையே கோடு போட்டதுபோல் நிறம் மாறினால் வண்ணம் வெளுத்திருக்கிறது என்று பொருள். விளிம்பில் இருப்பதே அன்று நீங்கள் இட்ட நிறம். நோட்டுக்குள்ளேயே மூடிக்கிடந்த படமானால் வெளுப்பு அதிகம் இராது. அங்கே தாள் பழுப்பேறியிருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். மரக்கூழால் செய்த மலிவான சித்திரத் தாள் ஆண்டுகள் போகப் போகப் பழுப்பேறும். அது வானத்தின் வெண்மையையும் மேகத்தின் ஒளியையும் குறைத்துவிடும்.

எந்த வண்ணம் எளிதில் வெளுக்கும் என்பதை டியூபின் மேல் அச்சிட்ட நிறமிக் குறியீட்டால் அறியலாம். பிஆர் 83 என்ற குறியீடு கொண்ட அலிசரின் கிரிம்சன் வெளிச்சத்தில் மங்கும். பிஒய் 40 என்ற ஆரியோலின் மஞ்சளும் நம்பத் தக்கதன்று. அல்ட்ரமரின் நீலமான பிபி 29, பர்ன்ட் சியன்னா, பர்ன்ட் அம்பர் ஆகியவற்றில் வரும் பிபிஆர் 7, தேலோ பச்சையான பிஜி 7 ஆகியவை உறுதியானவை. மாணவர் தர வண்ணங்கள் பலவற்றில் இந்தக் குறியீடே இராது. நீர் கூட்டி மெல்லியதாக இட்ட வாஷ், அதாவது பரவலான வண்ணப் பூச்சு, அடர்த்தியாக இட்டதைக் காட்டிலும் விரைவில் மங்கும். ஆகவே மாலை வானத்தின் இளஞ்சிவப்பு காணாமல் போயிருந்தால் அதை அன்றைய உங்கள் கையின் குறையாக எழுதிவிட வேண்டாம்.

பதிவுத்தாளில் "மங்கியவை" என்று தலைப்பிட்டு இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். மங்கிய இடத்தைப் புதிய வண்ணத்தால் தொட்டுச் சரிசெய்யும் ஆசை வரும். தொட்டுவிட்டால் அதன் பிறகு அது பழைய படம் ஆகாது.

4. பழைய படத்தைப் படித்து எழுதி உறையிலிடுதல்

புதிய படத்தை வரைவதற்கு முன்பே, எந்தெந்த அளவுகோலால் ஒப்பிடப் போகிறீர்கள் என்பதை எழுதி வைக்க வேண்டும். வரைந்த பிறகு அளவுகோலைத் தேடினால், புதிய படம் எதில் நன்றாக இருக்கிறதோ அதையே அளவுகோலாகத் தேர்ந்தெடுப்போம். மனம் அப்படித்தான் வேலை செய்யும்.

நிலக்காட்சிக்கு ஐந்து அளவுகோல்கள் போதும் என்பது என் முடிவு. டோன் எனப்படும் ஒளி அடர்த்தி, விளிம்புகள், பச்சை, நீரின் கட்டுப்பாடு, வெண்மை. பழைய படத்தைப் பார்த்து ஒவ்வொன்றின் கீழும் இரண்டு மூன்று வரிகள் எழுதுங்கள். "மலை சரியில்லை" என்று எழுதினால் பிறகு எதற்கும் பயன்படாது. "மலையின் அடிவிளிம்பும் தென்னையின் விளிம்பும் ஒரே கூர்மையில் உள்ளன, அதனால் மலை பின்னே போகவில்லை" என்று எழுதினால் அதைப் பிறகு சரிபார்க்க முடியும்.

எழுதி முடித்ததும் அந்தத் தாளையும் படத்தையும் ஓர் உறையில் போட்டு வைத்துவிடுங்கள். புதிய படங்களை வரைந்து முடிக்கும்வரை உறையைத் திறக்கக் கூடாது. குறைந்தது இரண்டு வார இடைவெளி இருந்தால் பழைய படத்தின் அமைப்பு கண்ணில் நிற்காது.

5. பொருள்களும் செலவும்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் பின்பற்ற முடியும் என்றால் இந்தப் படியைப் பின்பற்றுங்கள். காட்சியை இருமுறை வரைய வேண்டும்: ஒருமுறை பழைய பொருள்களோடு, மறுமுறை இப்போது நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் பொருள்களோடு.

காரணம் எளியது. மெல்லிய சித்திரத் தாள் நீரை உடனே உறிஞ்சி நெளிந்துவிடும். அதில் ஈரத்தின் மேல் ஈரமாக வண்ணம் விட்டுப் பரவச் செய்ய நேரமே கிடைக்காது. 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனமுள்ள முழுப் பருத்தித் தாளில், நீரை உடனே உறிஞ்சாதபடி தடுக்கும் பசையூட்டல் நன்றாக இருப்பதால் வண்ணம் நெடுநேரம் மேற்பரப்பில் ஈரமாக நின்று மெதுவாகப் பரவும், காய்ந்த பிறகும் ஈரத் தூரிகையால் ஓரளவு எடுக்க வரும். பழைய தாளில் அன்று வரைந்ததையும் பருத்தித் தாளில் இன்று வரைந்ததையும் பக்கத்தில் வைத்தால், மேகம் மென்மையாக இருப்பதற்கு நீங்கள் காரணமா தாள் காரணமா என்று யாராலும் சொல்ல முடியாது. பழைய வகைத் தாளிலேயே இன்று வரைந்தது பக்கத்தில் இருந்தால் சொல்லிவிடலாம்.

பழைய வகைச் சித்திர நோட்டும் மாணவர் தர வண்ணக் கட்டிகளும் எந்த எழுதுபொருள் கடையிலும் கிடைக்கும். இரண்டும் சேர்ந்து 200 ரூபாயை ஒட்டியே வரும். வெளிநாட்டுத் தயாரிப்பான முழுப் பருத்தித் தாள் 56 × 76 செ.மீ. முழுத் தாளாக வாங்கினால் 500 ரூபாய்க்கு மேல் ஆகும், பெயர் பெற்ற தயாரிப்பானால் 1000 ரூபாயை நெருங்கலாம். நகரத்து ஓவியப் பொருள் கடைகள் சிலவற்றில் பாதித் தாளும் வெட்டித் தருவார்கள், கேட்டுப் பார்க்கலாம். முழுத் தாளை எட்டாக வெட்டினால் ஒவ்வொன்றும் 28 × 19 செ.மீ. வரும். இந்த அளவு ஏ4 ஸ்கேனருக்குள் அப்படியே அடங்கும் என்பதால் இதையே பரிந்துரைப்பேன். பழைய படமும் ஏறத்தாழ இதே அளவில் இருந்தால் இன்னும் நல்லது. பெரிய படத்தையும் சிறிய படத்தையும் ஒப்பிடும்போது தூரிகை வேகமும் வாஷ் காயும் நேரமும் மாறிவிடுவதால் முடிவு குழம்பும்.

ஓவியர் தர டியூபுகளின் விலை நிறமியைப் பொறுத்து மிகவும் மாறுபடும். டியூபின் மேலுள்ள தொடர் எண் கூடக் கூட விலையும் கூடும். இந்த வேலைக்காகப் புதிய டியூப் எதுவும் வாங்கத் தேவையில்லை. கையில் இருப்பதைக் கொண்டே செய்ய வேண்டும் என்பதுதான் இரண்டாவது படத்தின் நோக்கம். பெயருக்குப் பின்னால் "ஹியூ" என்று அச்சிட்டிருந்தால் அது அசல் நிறமிக்கு மாற்றான கலவை என்பதை மட்டும் பதிவுத்தாளில் குறியுங்கள். ஸ்கேன், பிரிண்ட், டிரேசிங் தாள் எல்லாம் சேர்த்தாலும் பயணச் செலவு நீங்கலாக 1500 ரூபாய்க்குள் முடியும் வேலை இது.

6. காலமும் நேரமும்

நேரில் வரைந்த காட்சியானால் அதே பருவம், அதே மணி என்ற இரண்டையும் பிடிக்க வேண்டும். சுந்தரபாண்டியபுரத்தில் நின்று பார்த்தால் மலை மேற்கே இருக்கிறது. காலையில் சூரியன் நம் முதுகுப் பக்கம் இருப்பதால் மலையின் முகத்தில் வெளிச்சம் விழுந்து பாறையும் பசுமையும் தெரியும். பிற்பகல் ஏற ஏற மலையின் கிழக்கு முகம் நிழலுக்குள் போய், சரிவுகளும் மடிப்புகளும் மறைந்து ஒரே நீலத் திரளாக நிற்கும். முன்பு மாலை ஐந்து மணிக்கு வரைந்துவிட்டு இப்போது காலை எட்டு மணிக்கு வரைந்தால் இரண்டும் வேறு வேறு பாடங்கள். மலையை நீலத் திரளாக வரைவது எளிது, வெயில் படும் மலையை வரைவது கடினம். கடினமான பாடத்தில் சற்றுத் தடுமாறிவிட்டு வளர்ச்சியே இல்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

பருவமும் அப்படியே. ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான சாரல் காலத்தில் மலையுச்சியை மேகம் மூடியிருக்கும். ஜூலை, ஆகஸ்டில் அங்கே சூரியகாந்தி பூத்திருக்கும், அதைப் பார்க்க வரும் கூட்டமும் இருக்கும். பிசானம் என்ற பருவத்து நெல் டிசம்பர், ஜனவரியில் பச்சையாக நின்று, அதன் பிறகு மஞ்சளேறும். உங்கள் பழைய படத்தில் முன்புறம் பச்சையா மஞ்சளா என்று பார்த்தாலே எந்த மாதத்தை நோக்கிப் போக வேண்டும் என்பது தெரிந்துவிடும். அந்த மாதம் வர இன்னும் அரையாண்டு இருந்தால் காத்திருங்கள். படம் எங்கும் ஓடிவிடாது.

ஆடி மாதத்தில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று பலமாக இருக்கும். பலகையைக் கிளிப்பால் பிடிக்காமல் வரைய இயலாது, வாஷும் நினைத்ததைவிட விரைவில் காய்ந்துவிடும். மழை ஈரம் நிறைந்த நாளிலோ எதிர்மாறாக, அரை மணி நேரமானாலும் காயாது. பதிவுத்தாளில் காற்று, ஈரம் பற்றி ஒரு வரி கட்டாயம் எழுதுங்கள்.

வரப்பில் உட்காரும் முன்பு வயலுக்கு உரியவரிடம் கேட்டுக்கொள்வது முறை. ஓவியம் என்றால் எவரும் மறுப்பதில்லை, நாற்றை மிதித்தால்தான் கோபம் வரும். அணைக்கட்டு, வனத்துறைக் கட்டுப்பாட்டில் உள்ள காடு போன்ற இடங்களில் முன்பு வரைந்தவர்கள், இப்போது அங்கே உட்கார அனுமதி தேவையா என்று புறப்படும் முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

போய்ப் பார்த்தால் காட்சியே மாறியிருக்கலாம். காற்றாலையோ புது வீடோ நடுவில் எழுந்திருந்தால் அதற்காக இடத்தை மாற்ற வேண்டாம். மலை, மர வரிசை, வயல் என்ற மூன்று அடுக்குகளும் இருந்தால் ஒப்பீட்டுக்கு அது போதும். புதிதாக வந்ததை விட்டுவிட்டு வரையலாம். விட்டுவிட்டீர்கள் என்பதைக் குறித்து வையுங்கள்.

7. வரைதல்

முதலில் பழைய பொருள்களோடு வரையுங்கள், அதன் பிறகே புதிய பொருள்களோடு. எந்தக் காட்சியும் இரண்டாம் முறை எளிதாகவே வரும், கண் ஒருமுறை ஒத்திகை பார்த்துவிட்டது. பழைய படத்தோடு நேருக்கு நேர் ஒப்பிடப் போவது பழைய பொருள்களில் வரைந்ததைத்தான் என்பதால் அந்தப் படத்துக்கு ஒத்திகையின் உதவி கிடைக்கக் கூடாது. முடிந்தால் இரண்டையும் அடுத்தடுத்த நாள்களில் அதே மணிக்கு வரையுங்கள்.

நேர வரம்பு பழைய படத்துக்கு எடுத்த நேரமேதான். நினைவில்லை என்றால் ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். கெட்டுப்போய்விட்டது என்று தாளைக் கிழித்துவிட்டு மறுபடி தொடங்கக் கூடாது. பழைய படமும் அன்று ஒரே தடவையில் வந்ததுதான், ஐந்தில் சிறந்ததைத் தேர்ந்தெடுத்து அதன் பக்கத்தில் வைப்பது நேர்மையான ஒப்பீடு ஆகாது.

ஒரு வாஷ் காய்ந்துவிட்டதா என்பதைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். குளிர்ச்சியாக இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. வீட்டில் புகைப்படத்தைப் பார்த்து வரைபவர்கள் ஹேர் டிரையர் பயன்படுத்தினால், மேற்பரப்பில் பளபளப்பு அடங்கிய பிறகே காட்ட வேண்டும். நீர் நிற்கும்போது காட்டினால் காற்று வண்ணத்தை ஒரு பக்கமாகத் தள்ளிவிடும். அன்று டிரையர் இல்லாமல் வரைந்திருந்தால் இன்றும் வேண்டாம்.

8. இரண்டு வாரக் காத்திருப்பு

நீர்வண்ணம் ஈரத்தில் தெரிவதைவிடக் காய்ந்ததும் வெளிறும். அன்றைக்கே தீர்ப்புச் சொல்வது வீண். முழுதாகக் காய்ந்த மறுநாள் இரண்டாவது படியில் சொன்ன முறையில் ஸ்கேன் செய்து, பதிவுத்தாளை நிரப்பி, படங்களைக் கண்ணில் படாத இடத்தில் வைத்துவிடுங்கள். வரைந்த களைப்பும் களிப்பும் அடங்க இரண்டு வாரங்கள் போதும்.

9. ஒப்பீடு

பழைய படம், பழைய பொருள்களில் புதிய படம், புதிய பொருள்களில் புதிய படம் ஆகிய மூன்றையும் ஒரே வெளிச்சத்தில் வரிசையாக வைத்து உறையைத் திறந்து, நீங்கள் எழுதிய ஐந்து தலைப்புகளையும் ஒவ்வொன்றாக எடுங்கள்.

டோனிலிருந்து தொடங்குவது நல்லது. மூன்று ஸ்கேன்களையும் கைப்பேசியில் கருப்பு வெள்ளையாக மாற்றுங்கள். ஒரு தாள் பட்டையில் அல்ட்ரமரினும் பர்ன்ட் சியன்னாவும் கலந்த சாம்பலால் வெள்ளைத் தாளில் தொடங்கி மிக அடர்ந்தது வரை ஐந்து கட்டங்கள் வரைந்து, அதையும் அதேபோல் கருப்பு வெள்ளையாக்கிப் பக்கத்தில் வையுங்கள். ஒவ்வொரு படமும் எத்தனை கட்டங்களைப் பயன்படுத்தியிருக்கிறது என்று எண்ணுங்கள். தொடக்க காலப் படங்கள் பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது கட்டங்களுக்குள்ளேயே சுற்றும். ஐந்தாவது கட்டம் இராது, ஏனெனில் அடர்ந்த வண்ணத்தை இடப் புதியவர்களுக்குத் தயக்கம். மலை இரண்டாம் கட்டத்திலும் தென்னை நான்கிலும் ஐந்திலும் நின்றால் தூரம் தானாகவே வந்துவிடும். ஐந்து அளவுகோல்களிலும் ஏமாற்ற முடியாதது இதுவே, இதில் மாற்றம் இல்லையென்றால் மற்ற நான்கில் தெரியும் மாற்றத்தைச் சற்று ஐயத்தோடுதான் பார்ப்பேன்.

விளிம்புகளுக்கு, ஸ்கேனின் பிரிண்ட் மேல் டிரேசிங் தாளை வைத்து, கூர்மையான விளிம்புகளைத் தடித்த கோட்டாலும் மென்மையானவற்றைப் புள்ளிக் கோட்டாலும் வரையுங்கள். இரண்டு வடிவங்கள் எல்லையில்லாமல் கலக்கும் இடத்தை வெறுமையாக விடுங்கள். மூன்று டிரேசிங் தாள்களையும் அடுத்தடுத்து வைத்தால் வேறு விளக்கம் தேவைப்படாது. எல்லா இடத்திலும் தடித்த கோடாக இருப்பது தொடக்க காலத்தின் அடையாளம். புதிய பொருள்களில் வரைந்ததில் மட்டும் புள்ளிக் கோடுகள் கூடியிருந்து, பழைய பொருள்களில் வரைந்ததில் கூடவில்லை என்றால், அந்த மென்மையைக் கொடுத்தது தாள்.

பச்சையை அளப்பது, எத்தனை விதமான பச்சைகள் உள்ளன என்பதை எண்ணுவதே. பெட்டியில் இருந்த சாப் கிரீன் நெல்லுக்கும் தென்னைக்கும் மலைக்கும் ஒன்றாகவே போயிருந்தால் ஒன்று என்று எழுதுங்கள். வெயில் பட்ட நெல்லில் மஞ்சள் ஓடுவதும், தென்னையின் நிழலில் சற்றுச் சிவப்பு கலந்து அடங்குவதும், மலைப் பச்சை நீலத்துக்குள் போவதும் இன்றைய படத்தில் இருந்தால் அது கண்ணின் வளர்ச்சி. பழைய பொருள்களிலேயே அது வந்திருந்தால் ஐயத்துக்கே இடமில்லை.

நீரின் கட்டுப்பாட்டுக்கு வானத்தைப் பாருங்கள். பாதி காய்ந்த வாஷில் நீர் கூடிய தூரிகை பட்டால் ஓரம் சுருண்ட திட்டு விழும். காலிஃபிளவர் என்று இதைச் சொல்வார்கள். அது எங்கே விழுந்தது, வேண்டும் என்று விட்டதா, தானாக வந்ததா என்று குறியுங்கள். எண்ணிக்கை குறைந்திருப்பது வளர்ச்சிதான், ஆனால் பயந்து பயந்து வறண்ட தூரிகையால் வரைந்து குறைத்திருந்தால் அது பின்னடைவு. இந்த இடத்தில் உங்களிடம் நீங்களே நேர்மையாக இருக்க வேண்டியிருக்கும்.

வெண்மையை ஒரு வரியில் முடித்துவிடலாம்: மேகத்துக்கும் நீர்ப் பளபளப்புக்கும் தாளை விட்டு வரைந்தீர்களா, பிறகு வெள்ளை வண்ணத்தால் ஒப்பேற்றினீர்களா?

10. பிறர் பார்வை

ஓவியம் பழகும் இரண்டு மூன்று பேரிடம் மூன்று பிரிண்டுகளையும் தேதியில்லாமல், வரிசை மாற்றிக் கொடுங்கள். எது நன்றாக இருக்கிறது என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு நட்புதான் விடை சொல்லும். வெயில் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, இது காலையா மாலையா, மலைக்கும் மரத்துக்கும் இடையே எவ்வளவு தொலைவு இருக்கும் என்று கேளுங்கள். படத்தைப் பார்த்தே அவர்கள் சரியாகச் சொல்லிவிட்டால் படம் தன் வேலையைச் செய்திருக்கிறது. மூவரும் மூன்று விதமாகச் சொன்னால் வண்ணம் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒளி இன்னும் பிடிபடவில்லை.

பழைய படத்தையே ஒருவர் விரும்பக்கூடும். அது நடந்தால் மனம் சோர வேண்டாம். எந்த இடம் பிடித்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் இருந்த துணிச்சலான ஒரு தீற்றல் பின்னாளில் நேர்த்தியின் பெயரால் காணாமல் போயிருக்கும். ஐந்து அளவுகோல்களில் எதிலும் அகப்படாத செய்தி அது.

11. முடிவை எழுதி வைத்தல்

ஐந்து தலைப்புகளுக்கும் எதிரே "கை", "பொருள்", "மாற்றமில்லை" என்ற மூன்றில் ஒன்றை எழுதுங்கள். பழைய பொருள்களிலேயே முன்னேற்றம் தெரிந்தால் "கை". புதிய பொருள்களில் மட்டும் தெரிந்தால் "பொருள்". "மாற்றமில்லை" என்று வந்தவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்து அடுத்த சில மாதங்களுக்குப் பயிற்சி செய்யுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திருத்தப் புறப்பட்டால் எதுவும் நகராது. டோன் அந்தப் பட்டியலில் இருந்தால் அதையே முதலில் எடுக்க வேண்டும், பல நாள்கள் ஒரே வண்ணத்தில் மட்டும் வரைய வேண்டியிருந்தாலும் சரி.

மூன்று படங்களையும் அமிலமில்லாத் தாள் இடையிட்டு, தட்டையாக, ஈரம் படாத அலமாரியில் வையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை எடுத்துப் பூஞ்சணமோ பூச்சியோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பதிவுத்தாள்களையும் டிரேசிங் தாள்களையும் அதே உறையில் சேர்த்து, பழைய வகைச் சித்திரத் தாளில் இரண்டு மூன்றை வெறுமையாகவே உள்ளே வைத்துவிடுங்கள். அடுத்த முறை இதே காட்சியை வரையும்போது அந்தத் தயாரிப்பு கடையில் கிடைக்கும் என்பதற்கு உறுதி இல்லை. அந்த அடுத்த முறை இரண்டு ஆண்டுகளுக்கு முன்னதாக வேண்டாம். அதே மாதத்தையும் மணியையும் உறையின் மேலேயே எழுதிவிட்டால் தேடவும் வேண்டியிராது.